வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர்களுக்கு சைல்டு டாக்ஸ் கிரெடிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமையோடு சென்னைக்குத் திரும்பியவர்கள், துபாயிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும், வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், ஆண்டுதோறும் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-க்கு ரிட்டர்ன் ஃபைல் செய்ய வேண்டியவர்கள்தான். அவர்களில் பலருக்குக் குழந்தைகளுக்காக வர வேண்டிய சைல்டு டாக்ஸ் கிரெடிட் என்ற வரிச் சலுகைப் பணம், தவறான ஒரு படிவத்தைத் தேர்ந்தெடுத்ததால் மட்டுமே வராமல் போகிறது. கீழே உள்ள எண்கள், வேறு ஆண்டு என்று சொல்லாத இடங்களில், 2025 வரி ஆண்டுக்கானவை. அதாவது 2026-ல் ஃபைல் செய்யும் ரிட்டர்னுக்கு.

வெளிநாட்டில் இருந்தாலும் இந்தக் கிரெடிட் உண்டா?

உண்டு. நீங்களோ குழந்தையோ அமெரிக்க மண்ணில் வசிக்க வேண்டும் என்று இதில் நிபந்தனை இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் வீடு இருக்க வேண்டும் என்பது ஏர்ன்ட் இன்கம் கிரெடிட் என்ற வேறொரு சலுகைக்கான விதி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு "எங்களுக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய.

குழந்தைக்கான நிபந்தனைகள் இவை. டிசம்பர் 31 அன்று 17 வயது நிறையாமல் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு போல அமெரிக்க வரிச் சட்டப்படி ரெசிடென்ட் என்ற நிலை இருக்க வேண்டும். வேலை செய்யச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வாழ்ந்திருக்க வேண்டும். தன் செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையாக இருக்கக் கூடாது. 2025 முதல் ரிட்டர்ன் போடுபவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம்; கணவன் மனைவி சேர்ந்து போட்டால் ஒருவருக்கு இருந்தால் போதும்.

எவ்வளவு கிடைக்கும்?

ஒரு குழந்தைக்கு 2,200 டாலர். முதலில் இது நீங்கள் கட்ட வேண்டிய அமெரிக்க வரியைக் குறைக்கும். வரி பூஜ்யமான பிறகும் மீதி இருந்தால், அதில் ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 1,700 டாலர் வரை கையில் பணமாகவே வரும். இந்தப் பகுதிக்கு அடிஷனல் சைல்டு டாக்ஸ் கிரெடிட் என்று பெயர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உண்மையில் பயன்படுவது பெரும்பாலும் இதுதான்.

கையில் வரும் தொகைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. உழைத்துச் சம்பாதித்த வருமானத்தில் 2,500 டாலரைக் கழித்து, மீதியில் 15 சதவீதம். 1,700 என்ற வரம்பு, இந்த 15 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டினால் (கணவன் மனைவி சேர்ந்து போடும்போது 4,00,000) தாண்டிய ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 50 டாலர் குறையும். படிவம் 2555 (வெளிநாட்டுச் சம்பளத்தை வரிக்கணக்கிலிருந்து விலக்கும் படிவம்) வழியாக விலக்கிய சம்பளத்தையும் இந்தக் கணக்கில் திரும்பக் கூட்டுவார்கள்.

அமெரிக்காவுக்கு வரியே கட்டவில்லை. அப்புறம் எப்படிப் பணம் தருவார்கள்?

இந்தக் கிரெடிட் வரியோடு மட்டும் கட்டுப்பட்டதல்ல, சம்பாத்தியத்தோடும் கட்டுப்பட்டது. அந்தச் சம்பாத்தியம் அமெரிக்காவில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் கம்பெனி கொடுக்கும் ரூபாய்ச் சம்பளமும் கணக்கில் வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஆண்டுக்கு 34 லட்சம் ரூபாய் சம்பளம், இரண்டு குழந்தைகள். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40,000 டாலர். மனைவி அமெரிக்கர் அல்ல, அதனால் கணவர் மட்டும் தனியாக ஃபைல் செய்கிறார். நிலையான கழிவு 15,750 போக மீதி 24,250 டாலருக்கு அமெரிக்க வரி சுமார் 2,670 டாலர். அதே சம்பளத்துக்கு இந்தியாவில் புதிய வரி முறையில் கட்டியது 6 லட்சத்துக்கு மேல், அதாவது 7,000 டாலருக்கு மேல். வெளிநாட்டில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழிக்க உதவும் படிவம் 1116 வழியாக அந்த இந்திய வரியைக் காட்டினால் 2,670 முழுவதும் அடிபட்டுப் போகும். சைல்டு டாக்ஸ் கிரெடிட்டைத் தொட வேண்டிய அவசியமே வராது. அது அப்படியே நிற்கும். 40,000-ல் 2,500 போக 37,500. அதில் 15 சதவீதம் 5,625. இரண்டு குழந்தைகளுக்கான வரம்பு 3,400. ஆக 3,400 டாலர் ரீஃபண்டாக வரும்.

குழந்தைக்கு 2,200-ல் மீதி 500 டாலர் வீணாகும். அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

சம்பளம் குறைவு, இந்தியாவிலும் வரியே இல்லை என்றாலும் கதவு மூடவில்லை. 12.75 லட்சம், அதாவது 15,000 டாலர் சம்பளம் என்றால் அமெரிக்க வரி பூஜ்யம். 12,500-ல் 15 சதவீதம் 1,875. ஒரு குழந்தை இருந்தால் 1,700, இரண்டு இருந்தால் 1,875.

படிவம் 2555 போட்டால் ஏன் கிடைக்காது?

வெளிநாட்டுச் சம்பளத்தை வரிக்கணக்கிலிருந்தே விலக்கும் படிவம் 2555. 2025-க்கு 1,30,000 டாலர் வரை விலக்கலாம். வரி ஆலோசகர்களும் மென்பொருள்களும் வெளிநாட்டு முகவரியைப் பார்த்ததும் இதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். படிவம் எளிது, வரி பூஜ்யமாகிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் படிவம் 2555 இணைக்கும் எவருக்கும் அடிஷனல் சைல்டு டாக்ஸ் கிரெடிட் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. இந்தக் கிரெடிட்டைக் கணக்கிடும் ஷெட்யூல் 8812-ல் இரண்டாம் பகுதியின் தலையிலேயே இந்த எச்சரிக்கை ஒரே வரியில் இருக்கிறது. மென்பொருள் அந்தப் பகுதியை அமைதியாகத் தாண்டிப் போய்விடும்; "3,400 டாலரை இழக்கிறீர்கள்" என்று திரையில் எதுவும் வராது.

ஒரு ரூபாயை மட்டும் விலக்கினாலும் இதே கதிதான். வீட்டு வாடகைக்கான விலக்கும் இதே படிவத்தில்தான் வருகிறது, அதைப் போட்டாலும் போச்சு. கணவன் மனைவி சேர்ந்து போடும் ரிட்டர்னில் ஒருவர் மட்டும் 2555 போட்டாலும் இருவருக்கும் சேர்த்துப் போய்விடும்.

இந்தியா, பிரிட்டன், கனடா, ஜெர்மனி போல அமெரிக்காவைவிடச் சம்பளத்துக்கு அதிக வரி வாங்கும் நாட்டில் இருப்பவர்கள், குழந்தைகள் இருக்கும்வரை, 1116-ஐ முதலில் போட்டுப் பார்ப்பதுதான் சரி. இன்னொரு லாபமும் உண்டு: பயன்படாமல் மிச்சமாகும் வெளிநாட்டு வரியை ஓராண்டு பின்னாலும் பத்தாண்டு முன்னாலும் கொண்டுபோகலாம். 1116-ல் சம்பளம் பொது வகையில் வரும், டெபாசிட் வட்டி தனி வகையில் வரும். இரண்டையும் ஒரே படிவத்தில் கலக்கக் கூடாது.

நாங்கள் துபாயில். சம்பளத்துக்கு வரியே இல்லை. எங்களுக்கு 2555 தானே நல்லது?

சம்பளத்தைப் பொறுத்தது. வரி கட்டாத நாட்டில் 1116-ல் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு படிவத்தையுமே போடாமல் சாதாரண ரிட்டர்ன் போடலாம் என்ற மூன்றாவது வழி இருக்கிறது. அதைப் பலரும் யோசிப்பதில்லை.

கணவன் மனைவி சேர்ந்து போடுகிறார்கள், இரண்டு குழந்தைகள், சம்பளம் 60,000 டாலர், வேறு வருமானம் இல்லை. 31,500 கழிவு போக 28,500-க்கு வரி 2,943. சைல்டு டாக்ஸ் கிரெடிட் 4,400. வரி முழுக்க அடிபட்டு, மீதி 1,457 டாலர் கையில் வரும். 2555 போட்டிருந்தால் வரியும் பூஜ்யம், வரவும் பூஜ்யம். இதே குடும்பத்துக்கு 80,000 டாலர் சம்பளம் என்றால் வரி 5,343. கிரெடிட் போக 943 டாலர் கட்ட வேண்டிவரும், அப்போது 2555 தான் மேல். தராசு சரிசமமாக நிற்கும் இடம் சுமார் 72,000 டாலர். மூன்று குழந்தைகள் என்றால் அது ஏறத்தாழ 90,000-க்கு ஏறும்.

பல வருஷமாக 2555 போட்டு வருகிறேன். இப்போது மாறலாமா?

மாறலாம், ஆனால் திரும்பி வருவது கஷ்டம். ஒருமுறை 2555-ஐத் தேர்ந்தெடுத்தால், நீங்களாக ரத்து செய்யும்வரை அந்தத் தேர்வு அமலில் இருக்கும். ரத்து செய்ய ரிட்டர்னோடு, அல்லது திருத்த ரிட்டர்னோடு, இன்ன ஆண்டிலிருந்து இந்த விலக்கைக் கைவிடுகிறேன் என்று ஒரு சிறு அறிக்கை இணைக்க வேண்டும். சம்பள விலக்கும் வாடகை விலக்கும் தனித்தனித் தேர்வுகள், இரண்டையும் எடுத்திருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஐ.ஆர்.எஸ். ஒப்புதல் இல்லாமல் 2555 போட முடியாது. ஒப்புதல் கேட்பதற்கே கட்டணம் உண்டு, காலமும் பிடிக்கும்.

அதனால் மாறுவதற்கு முன் அடுத்த ஐந்து வருடத்தை யோசியுங்கள். சென்னையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தயங்க வேண்டாம். இரண்டு வருடத்தில் அபுதாபியில் பெரிய சம்பள வேலைக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது என்றால், இன்று வரும் 3,400 டாலரையும் அன்று கட்ட நேரும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

குழந்தை சென்னையில் பிறந்தது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அமெரிக்கக் குடியுரிமையைப் பதிவு செய்ய வேண்டும். அண்ணா மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்புக்கான தூதரக அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 100 டாலர். பாஸ்போர்ட்டையும் அதே வருகையில் முடித்துக்கொள்வது வழக்கம். பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கர், இருவரும் திருமணமானவர்கள் என்றால், அந்த அமெரிக்கர் குழந்தை பிறக்கும் முன் மொத்தம் ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் நேரில் இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டாண்டு 14 வயதுக்குப் பிறகானதாக இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் முத்திரைகள், கல்லூரி மதிப்பெண் பட்டியல், அமெரிக்கக் கம்பெனி தந்த டபிள்யூ-2 சம்பளச் சான்று எல்லாம் இதற்குத்தான் தேவைப்படும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தூதரக அறிக்கையும் பாஸ்போர்ட்டும் கையில் வந்ததும் அங்கேயே நின்றுவிடுவதுதான் பெரும்பாலான பெற்றோர் செய்யும் தவறு. சோஷியல் செக்யூரிட்டி எண் தானாக வராது. எஸ்.எஸ்.-5-எஃப்.எஸ். என்ற தனி விண்ணப்பம் போட வேண்டும். அதை எந்த ஃபெடரல் பெனிஃபிட்ஸ் யூனிட்டுக்கு (வெளிநாடுகளில் சோஷியல் செக்யூரிட்டி வேலைகளைக் கவனிக்கும் தூதரகப் பிரிவு) அனுப்புவது என்று தூதரகம் சொல்லும். அமெரிக்காவுக்கு விடுமுறையில் போவதாக இருந்தால் அங்கேயே அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம்.

எண் வருவதற்குள் கெடு முடிந்துவிட்டால்?

இந்த ஒரு விதி பலரைக் கடித்திருக்கிறது. ரிட்டர்னின் கெடுத் தேதிக்குள் எண் வழங்கப்பட்டிருக்க வேண்டும். நீட்டிப்பு வாங்கியிருந்தால் நீட்டிக்கப்பட்ட தேதிக்குள். அதற்குப் பிறகு வந்த எண்ணை வைத்து அந்த ஆண்டுக்குத் திருத்த ரிட்டர்ன் போட்டும் வாங்க முடியாது. அந்த ஆண்டு போனது போனதுதான்.

எனவே எண் கையில் இல்லாமல் ரிட்டர்ன் போடாதீர்கள். வழக்கமான கெடு 2026 ஏப்ரல் 15. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு. எண் இன்னும் வரவில்லை என்றால் ஜூன் 15-க்குள் படிவம் 4868 அனுப்பி அக்டோபர் 15 வரை தள்ளுங்கள். செலவில்லாத ஒரு பக்கப் படிவம், ஒரு குழந்தைக்கு 1,700 டாலரைக் காப்பாற்றும். வரி கட்ட வேண்டியிருந்தால் மட்டும் ஏப்ரல் 15-லிருந்து வட்டி ஓடும்.

கார்டில் வேலைக்குச் செல்லுபடியாகாது என்று அச்சிட்டிருந்தால் அந்த எண் இதற்கு உதவாது. சோஷியல் செக்யூரிட்டி எண் பெற முடியாதவர்களுக்கு வரிக்காக மட்டும் ஐ.ஆர்.எஸ். தரும் ஐ.டி.ஐ.என். எண்ணும் உதவாது.

கணவர் அல்லது மனைவி அமெரிக்கர் அல்ல. எப்படி ஃபைல் செய்வது?

மூன்று வழிகள் உண்டு. தனியாக ஃபைல் செய்வது. இதிலும் சைல்டு டாக்ஸ் கிரெடிட் உண்டு. இரண்டாவது, ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு: துணைவர் அமெரிக்க வரிச் சட்டப்படி வெளியாள், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையது, குழந்தை உங்களோடு வாழ்கிறது என்றால் இதற்குத் தகுதி உண்டு. கழிவு 15,750-லிருந்து 23,625 டாலருக்கு ஏறும். மூன்றாவது, துணைவரையும் அமெரிக்க ரெசிடென்டாகக் கருதச் சொல்லி இருவரும் கையெழுத்திட்டுச் சேர்ந்து போடுவது. துணைவருக்கு ஐ.டி.ஐ.என். தேவை, அவருடைய உலக வருமானம் முழுவதும் ரிட்டர்னுக்குள் வந்துவிடும். அவருக்கு வருமானம் இல்லை, வரியில்லாத நாட்டில் வசிக்கிறீர்கள் என்றால்தான் இது லாபம். அவர் பெயரில் சொத்து, பங்கு, வாடகை என்றெல்லாம் இருந்தால் தொடாமல் இருப்பது நல்லது.

குழந்தை ஊட்டியில் போர்டிங் பள்ளியில் படிக்கிறான். உடன் வாழ்ந்ததாக எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். படிப்பு, மருத்துவம், விடுமுறை போன்ற காரணங்களுக்காகத் தற்காலிகமாக வெளியே இருப்பது உங்களோடு இருந்ததாகவே கணக்கு; லீவுக்கு வீடு திரும்பும் பிள்ளையாக இருக்க வேண்டும். பெற்றோர் ஷார்ஜாவில், குழந்தை பிறந்ததிலிருந்து மதுரையில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறது என்றால் அது வேறு. பணம் முழுவதும் நீங்கள் அனுப்பினாலும் உடன் வாழும் நிபந்தனை நிறைவேறாது.

ஃபார்ம் 16-ஐ வைத்து ரிட்டர்ன் போடலாமா?

நேராகப் போட முடியாது. ஃபார்ம் 16 ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்க ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மொத்தச் சம்பளம், பிடித்த டி.டி.எஸ். இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையில் டி.டி.எஸ். எகிறி இருக்கும், ஏனென்றால் நிதியாண்டு முடிவில் கம்பெனி பாக்கியைப் பிடித்துத் தீர்க்கிறது. அதைத் தவறவிட்டால் 1116 கணக்கு குறைந்து நிற்கும். ஜூலையில் கட்டிய பாக்கி வரியையும் சேர்க்க வேண்டும். இந்திய வரித்துறை ரீஃபண்டாகத் திருப்பிக் கொடுத்ததைக் கழிக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆண்டுச் சராசரி மாற்று விகிதத்தைப் பயன்படுத்தலாம். வரியைக் கட்டிய அடிப்படையில் காட்டினால் கட்டிய தேதியின் விகிதம்.

சொந்தத் தொழில் செய்கிறேன். சம்பளம் இல்லை.

தொழிலில் வரும் நிகர லாபமும் உழைத்த வருமானம்தான். ஆனால் கூடவே 15.3 சதவீத சுயதொழில் வரி வரும். பிரிட்டன், கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளோடு அமெரிக்காவுக்கு சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இருக்கிறது. அந்த நாட்டில் கட்டினால் அமெரிக்காவுக்குக் கட்ட வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் இவற்றோடு இல்லை. 20,000 டாலர் லாபத்துக்கு சுமார் 2,826 டாலர் வந்து நிற்கும். அதை 1116-ம் குறைக்காது, 2555-ம் குறைக்காது. கையில் வரும் சைல்டு டாக்ஸ் கிரெடிட் மட்டும் அதற்கு எதிராகக் கழியும், அதனால் இவர்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம்.

வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி, பென்ஷன் மட்டுமே வருமானம் என்றால் உழைத்த வருமானம் பூஜ்யம். கையில் எதுவும் வராது.

இதுவரை ரிட்டர்னே போட்டதில்லை. பழைய ஆண்டுகளுக்கு வாங்க முடியுமா?

கெடுத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டால் முடியும். ஒரு குழந்தைக்குக் கையில் வரும் வரம்பு 2022-க்கு 1,500, 2023-க்கு 1,600, 2024-க்கு 1,700 டாலர். எண் அந்தந்த ஆண்டின் கெடுவுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்.

ஆனால் ரீஃபண்டு ஆசையில் வெறும் ரிட்டர்ன் மட்டும் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை தனியாகக் கட்டாயம். தெரியாமல் விட்டவர்களுக்கு ஸ்ட்ரீம்லைன்டு முறை இருக்கிறது: மூன்று ஆண்டு ரிட்டர்ன், ஆறு ஆண்டு எஃப்பார், வேண்டுமென்றே செய்யவில்லை என்று படிவம் 14653-ல் விளக்கம். இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்கள் முதலில் நல்ல ஆலோசகரைப் பாருங்கள். அதற்கான படிவம் 8621 தனி உலகம்.

பணம் எப்படி வரும்?

இந்தக் கிரெடிட் இருக்கும் ரீஃபண்டுகளை பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் ஐ.ஆர்.எஸ். விடுவிக்காது. நேரடியாக அனுப்ப அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும், என்.ஆர்.ஓ. கணக்குக்கு அனுப்ப மாட்டார்கள். 2025 செப்டம்பர் 30 முதல் காகிதச் செக்குகளை ஐ.ஆர்.எஸ். குறைத்து வருகிறது. எனவே அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது ஒரு கணக்கையாவது மூடாமல் வைத்திருங்கள்.

ஐ.ஆர்.எஸ். ஆதாரம் கேட்டுக் கடிதம் அனுப்பினால்?

பயப்பட வேண்டாம், கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். அவர்களுக்குத் தேவை இரண்டு: குழந்தை உங்களுடையது என்பதும், அந்த ஆண்டில் உங்கள் முகவரியில் வாழ்ந்தது என்பதும். முதலாவதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். இரண்டாவதற்குத்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பள்ளியின் லெட்டர்ஹெட்டில் குழந்தை பெயர், பெற்றோர் பெயர், வீட்டு முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று நான்கும் இருக்க வேண்டும். வெறும் போனஃபைடு சான்றிதழில் பெரும்பாலும் முகவரி இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள். பள்ளிக்குப் போகாத குழந்தை என்றால் குழந்தை மருத்துவரின் கடிதமும் தடுப்பூசி அட்டையும். கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால் ஒரு நாள்காட்டி ஆண்டுக்கு இரண்டு கல்வியாண்டுகளின் கடிதம் தேவைப்படும். தமிழில் உள்ள ஆவணங்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும்.

பதில் சொல்லாமல் விட்டு கிரெடிட் மறுக்கப்பட்டால், அடுத்த முறை கேட்கும்போது படிவம் 8862 இணைக்க வேண்டும். விதியை அலட்சியம் செய்து கேட்டதாக முடிவு செய்தால் இரண்டு ஆண்டு தடை, மோசடி என்றால் பத்து ஆண்டு.